பொழுது சாயும் வரை ஒரு டம்ளர்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நண்பர்களே,

எனக்கு வழியனுப்பு விழா நடத்திய அன்று உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், டி.வி. வர்றதுக்கு முன்னாடி சாப்பாட்டு ஐட்டத்தையெல்லாம் ஜனங்ககிட்ட எப்படிக் கொண்டுபோனீங்க?" நான் "வேன்ல" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவது துண்டு கேக்கை எடுக்கப் போய்விட்டேன். எனக்குக் கேக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் கேக்கின் விளம்பர வாசகத்தை எழுதியவன் நான். பணம் வாங்கிக்கொண்டு எழுதிய வாசகத்தைப் பணம் கொடுத்தும் நம்புகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்த அளவுக்கு உண்மையாக உழைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நியாயமாகச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். விளம்பர இடைவேளை கிடையாது.

அறுபதுகளின் நடுவில் நான் ஒரு சத்துபானக் கம்பெனியின் பிரசார வேனில் அறிவிப்பாளனாக இருந்தேன். சொந்த ஊர் விருதுநகர். காலேஜில் ஆங்கில இலக்கியம் படித்துத் தேறியிருந்தேன். அந்தத் தகுதிக்கு விருதுநகர் மார்க்கெட்டில் என்ன விலை என்று ஒரு வருஷம் விசாரித்துப் பார்த்தேன். மல்லிக்கு விலை இருந்தது, வத்தலுக்கு இருந்தது, கடலை எண்ணெய்க்கு இருந்தது. இலக்கியத்துக்கு மட்டும் யாரும் விலை கூறவில்லை. கடைசியில் என்னிடம் விலை போனது தொண்டைதான். ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். கம்பெனி அதற்கு ஒலிபெருக்கியும் கொடுத்தது.

கம்பெனியின் பெயர் வேண்டாம். அது போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அதன் தகர டப்பாக்கள் மட்டும் இன்னும் எத்தனையோ அடுப்படிகளில் கடுகும் சீரகமும் வைத்துக்கொண்டு கௌரவமாக வாழ்கின்றன.

வேனை ஓட்டியவர் ஞானமுத்து அண்ணன். படம் காட்டும் கருவியை இயக்குவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு சர்ச்சைத் தேடிப் போய்விடுவார். மற்ற நாட்களில் அதிகம் பேச மாட்டார். வாரம் முழுவதும் நான் பேசியதைக் கேட்ட மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பு கேட்டுக்கொள்ள நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலை எளிது. பொழுது இறங்கும் நேரம் ஓர் ஊருக்குள் போவோம். இரண்டு மூங்கிலுக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டுவோம். முதலில் கம்பெனிப் படம். அதில் ஒரு நோஞ்சான் எங்கள் பானத்தைக் குடித்துவிட்டு, சேற்றில் புதைந்த பார வண்டியை ஒற்றைத் தோளால் தூக்குவான். பக்கத்தில் நிற்கும் காளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். பிறகு நான் பேசுவேன். பிறகு ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் பானம் இலவசம். கடைசியில் ஒரு சிரிப்புப் படம்.

நீங்கள் இப்போது வேன் இல்லாமலே வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். துணி கட்ட வேண்டியதில்லை, கொசுக்கடி இல்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் முகமும் உங்களுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரிந்தது. முகம் மட்டுமல்ல, கையும் வாயும் தெரிந்தன.

எங்கள் வேனுக்குப் பின்னாலேயே சாத்தூரிலிருந்து ஒரு சேவுக்காரர் சைக்கிளில் வருவார். நாங்கள் அச்சங்குளம் போனால் அவரும் அச்சங்குளம். விஸ்வநத்தம் போனால் அவரும் விஸ்வநத்தம். படம் ஓடும்போது அவர் வியாபாரத்தைப் பார்க்க வேண்டும். திரையை விட்டுக் கண் எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார்கள். அவர் பொட்டலத்தை வைப்பார். கை வாய்க்குப் போகும், மறுபடி பொட்டலத்துக்கு வரும். அது காலியானால் அந்தக் கையே மறுபடி அவர் பக்கம் நீளும். ஒருநாள் படச்சுருள் அறுந்து ஞானமுத்து அண்ணன் விளக்கைப் போட்டுவிட்டார். அத்தனை பேரும் குனிந்து மடியைப் பார்த்தார்கள். "ஏலே, நானா இம்புட்டும் தின்னேன்?" என்று ஒருவர் கேட்டார். அதோடு அன்றைய வியாபாரம் முடிந்தது.

சேவுக்காரர் நேராக ஞானமுத்து அண்ணனிடம் வந்தார். "டிரைவரய்யா, சுருள் அறுந்தா அறுந்துட்டுப் போகுது. பல்ப மட்டும் போட்டுறாதீக. வெளிச்சத்துல மனுசனுக்கு வயிறு ரொம்பினது தெரிஞ்சு போயிருது."

இப்போதைய ஆராய்ச்சிக்காரர்கள் இதையே பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அதை ஒரு பொட்டலம் காராச்சேவோடு கற்றுக்கொடுத்தார் அந்த மனிதர். இன்றைக்கும் டி.வி. முன்னால் தட்டோடு உட்கார்ந்தால் அவர் சைக்கிள் மணி எனக்குக் கேட்கிறது. ஆனாலும் தின்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தைய சீசனில் எங்களைச் சிவகாசிப் பக்கம் போட்டிருந்தார்கள். பட்டாசுக் கம்பெனிகளில் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். பெண்கள் கருக்கலில் எழுந்து, கம்பெனி லாரியைப் பிடித்து, இருட்டும்போது திரும்புவார்கள். அலுமினியப் பொடி படிந்து அவர்கள் கைகள் முழங்கை வரை வெள்ளிபோல மின்னும். படம் பார்க்க வந்து உட்கார்ந்தால், திரை வெளிச்சத்தில் அந்தக் கைகள் மட்டும் தனியாகத் தெரியும்.

அவர்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு வாசகம் பிறந்தது. கம்பெனி எழுதிக் கொடுத்த பேச்சில் அது இல்லை. சொந்தச் சரக்கு. மைக்கைப் பிடித்து, "காலையில் ஒரு டம்ளர்!" என்று இழுத்து நிறுத்துவேன். பிறகு, "பொழுது சாயும் வரை போதும்!" என்று முடிப்பேன். மூன்றாவது ஊரில் முதல் பாதியை நான் சொன்னால் மறுபாதியைக் கூட்டமே சொல்லத் தொடங்கிவிட்டது. எனக்குக் கர்வம் தலைக்கேறியது. ஷெல்லியும் கீட்ஸும் படித்துக் கெட்டதற்கு இப்படி ஒரு பலனா என்று பூரித்துப் போனேன்.

சின்னப் பொட்டலம் அப்போதுதான் வந்திருந்தது. ஒரு டம்ளருக்கு ஒரு பொட்டலம். சிவகாசி வட்டாரத்தில் அது பறந்தது. மற்ற இடங்களில் நடந்துதான் போனது. ஏன் என்று தெரிந்துகொள்ள மெட்ராஸிலிருந்து மேனேஜரே வந்துவிட்டார். முழுக்கை வெள்ளைச் சட்டை, மெருகேறிய பூட்ஸ், தோளில் கேமரா. என் முதுகில் தட்டி, "உழைக்கிற பெண்கள் நம்ம டம்ளரோட நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். எல்லா ஊருக்கும் உங்க வாசகம்தான் போகப்போகுது," என்றார்.

விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அனுமதி வாங்கினோம். அங்கே போர்மேன் ஒருவர் இருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை, தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம். எங்கள் பானத்தின் தீவிர ரசிகர் வேறு. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அதன் மேல் இரண்டு டம்ளர் குடிப்பாராம். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் போர்மேன் என்றார்கள்; நானும் அப்படியே சொன்னேன்.

கேட்டில் எங்களைத் தடவிப் பார்த்தார்கள். தீப்பெட்டி இல்லை. ஆனால் மேனேஜரின் பூட்ஸில் இரும்பு ஆணி இருந்தது.

"கழட்டிருங்க சார்," என்றார் போர்மேன்.

"பூட்ஸையா?"

"ஆணி கல்லுல ஒரசினா பொறி பறக்கும். பெறகு பூட்ஸத் தேட ஆள் இருக்காது."

மேனேஜர் கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. நானும் செருப்பைக் கழற்றினேன். கேமராவோடு கொண்டுவந்திருந்த பளிச்சென்று எரியும் பல்புகள் கேட்டிலேயே தங்கிவிட்டன. ஞானமுத்து அண்ணன் உள்ளே வரவே இல்லை. வேனிலேயே உட்கார்ந்து, எங்களுக்காக ஜெபிப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

வேலை நடக்கும் அறைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளித் தள்ளி இருந்தன. ஒன்று போனாலும் மற்றது நிற்கட்டும் என்ற ஏற்பாடு. எங்களை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தினார் போர்மேன். பெண்கள் மதியம் சாப்பிடும் இடம் அது. கிளைகளில் தூக்குவாளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் ஆட்களுக்குத் தக்க எண்ணிக்கையில் இல்லை. மேலே வெறுங்கிளைகளே அதிகம்.

"முன்னெல்லாம் இந்த மரம் காய்ச்சுத் தொங்கும்," என்றார் போர்மேன். "ஒங்க பொட்டலம் வந்த பெறகு பாதிப் பேரு கஞ்சி கொண்டாறதில்ல. கேட்டா, ஒரு டம்ளரு குடிச்சிட்டோம்ங்குதுக."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா! கஞ்சியையே தள்ளிடுச்சு!"

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சிரிப்பு முடிவதற்குள் எதிரே ஓர் அறையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். மாரியம்மாள். முந்தைய வாரம் எங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து மறுபாதியை உரக்கச் சொல்லி, நான் கேட்டதும் பெயரையும் சொன்னவள் என்று அடையாளம் தெரிந்தது. இரண்டு கைகளிலும் ஒரு மரத்தட்டு. தட்டில் மருந்து செலுத்திய வெடிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. வெயிலில் காயவைக்கும் மேடைக்கு அதைக் கொண்டுபோக வேண்டும்.

பாதி வழியில் அவள் நின்றாள். தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி நேரானது. அவள் கண் எங்கேயோ போயிருந்தது.

அந்தத் தட்டு தரையில் விழுந்தால் வெடிக்கலாம். வெடிக்காமலும் போகலாம். அதை நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆசை அங்கே யாருக்கும் இல்லை. நான் ஓடப்போனேன். இல்லை, எந்தப் பக்கம் ஓடப்போனேன் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. போர்மேன் என் தோளைப் பிடித்தார்.

"ஓடாதீக. கத்தாதீக. அவளுக்கு ஒங்களத் தெரியும். மெல்லப் பேச்சுக் குடுத்துக்கிட்டே முன்னால போங்க. நான் சுத்திக்கிட்டுப் பின்னால வாரேன்."

மெல்லப் பேசுவது! எனக்குச் சம்பளமே மெல்லப் பேசாமல் இருப்பதற்குத்தான். வெறுங்காலில், கொதிக்கும் மணலில், அடிமேல் அடி வைத்துப் போனேன். தொண்டையிலிருந்து கிளம்பிய குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மாரி, என்னைத் தெரியுதா?"

அவள் மெதுவாக என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "மைக்குக்காரண்ணே..."

"ஆமாம்மா. என்னையே பாரு. காலையில என்ன சாப்பிட்டே?"

பேச்சை நிற்காமல் ஓட்ட வேண்டும் என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன். சத்தியமாக, பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

"ஒரு டம்ளரு," என்றாள். உதடு காய்ந்திருந்தது. "நீங்கதானண்ணே சொன்னீக... பொழுது சாயிற வரைக்கும் போதும்னு... பொழுது இன்னும் சாயலயே, ஏம்ணே இப்பிடி வருது?"

நண்பர்களே, இந்தத் தொழிலில் எனக்குச் சில கேடயங்கள் கிடைத்திருக்கின்றன. என் வாசகத்தை இத்தனை முழுமையாக நம்பிய வாடிக்கையாளர் வேறு யாருமில்லை.

"போயிரும்மா, சரியாயிரும். கஞ்சி என்ன கஞ்சி காய்ச்சுவே வீட்டுல?"

"கம்பு..."

"தொட்டுக்க?"

"வெங்காயந்தான்... சீசன்ல வேற என்ன..."

அவள் 'என்ன' என்று முடிப்பதற்குள் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து தட்டைத் தாங்கின. போர்மேன் அவ்வளவு பெரிய உடம்பை எப்படி அத்தனை சத்தமில்லாமல் கொண்டுவந்தார் என்பது எனக்கு இன்றுவரை அதிசயம். தட்டு அவர் கைக்குப் போனதும் மாரி மண்ணில் சரிந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  

வேப்பமரத்தில் தொங்கிய யாருடைய வாளியோ இறங்கியது. நாலு வாய் கஞ்சி உள்ளே போனதும் அவளுக்கு முகத்தில் உயிர் வந்தது. ஆனால் போர்மேனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"நாளையிலருந்து நீ மருந்துப் பக்கம் வராத. லேபிள் ஒட்டப் போ. மயக்கம் வாரவள நான் தட்டு தூக்க விட மாட்டேன்."

"அண்ணே, லேபிளுக்குப் பாதிக் கூலிதான்." "மழைக்கு முன்னால வீட்டுக்கு ஓடு மாத்தணும். இந்த சீசன விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

"அப்ப கஞ்சி குடிச்சிட்டு வர வேண்டியதுதான?"

"கம்பு இடிச்சிக் காய்ச்சிக்கிட்டு இருந்தா மொத லாரி போயிருது. பெறகு வந்து எம்புட்டு வேல பார்க்க? டம்ளருன்னா ஒரு நிமிசம்."

அவள் ஏமாளி அல்ல என்பதைக் கவனியுங்கள். கணக்குப் போட்டவள். அவளுக்கு இல்லாத ஒன்று நேரம். நான் அதைப் பொட்டலத்தில் கட்டித் தருவதாகச் சொன்னேன். வாங்கிக்கொண்டாள்.

போர்மேன் என் பக்கம் திரும்பினார். "சார், இவ ஒருத்தி இல்ல. பாதிப் பேரு இப்பிடித்தான் வருதுக. இன்னைக்கு இவ, நாளைக்கு எவளோ. ஒங்க வாயில இருந்து வந்தது. நீங்களே திருப்பி எடுங்க. நாளைக் காலையில எம் பிள்ளைக அம்புட்டுப் பேரும் தூக்குவாளியோட வந்து எறங்கட்டும், இவளும் தட்டு தூக்கட்டும். இல்லைன்னா இவளுக்கு லேபிள்தான். மத்தவளுகளையும் ஒவ்வொருத்தியா அனுப்புவேன்."

மாரி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. மைக்கில் பேசுகிறவன் சொன்னால் நடந்துவிடும் என்ற நம்பிக்கையோடு பார்த்தாள். அது கெஞ்சலைவிடக் கஷ்டமாக இருந்தது.

திரும்பும்போது மேனேஜர் பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வருத்தமான விஷயம். ஆனா வாசகத்துல கை வைக்காதீங்க. தலைமை ஆபீஸ்ல ஓகே ஆயிடுச்சு. உங்க எதிர்காலமே அதுலதான் இருக்கு." மிரட்டவில்லை. நல்ல மனிதர்தான். அக்கறையோடுதான் சொன்னார்.

அன்று மாலை விஸ்வநத்தத்தில் கூட்டம். அந்தக் கம்பெனிப் பெண்களில் பெரும்பாலோர் அந்த ஊர்தான். முன்னால் மேனேஜருக்கு இரும்பு நாற்காலி போட்டிருந்தார்கள். மாரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஞானமுத்து அண்ணன் கருவியில் சுருளை மாட்டிக்கொண்டே, "என்ன தம்பி செய்யப் போறீக?" என்றார்.

"வாசகத்தை வாபஸ் வாங்கப் போறேன்."

"மேனேஜரு?"

"அவரு பாட்டுக்கு உட்கார்ந்திருக்கட்டும்."

அவர் சுருளை மாட்டி முடித்தார். "மைக்குச் சத்தத்தக் கூட்டி வைக்கட்டுமா, கொறச்சி வைக்கட்டுமா?" என்றார். அவரால் முடிந்த பெரிய ஆதரவு அது.

மைக்கைப் பிடித்தேன். "காலையில் ஒரு டம்ளர்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "பொழுது சாயும் வரை போதும்!" என்று ஊரே முழங்கியது. மேனேஜர் கைதட்டினார்.

"போதாது!" என்றேன்.

மேனேஜரின் கைகள் பாதியில் நின்றன.

"தாய்மார்களே, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஒரு டம்ளர் போதாது!"

முன்வரிசையில் சுப்புத்தாய் என்று ஒரு பெண். மாரியோடு அதே அறையில் வேலை பார்ப்பவள். வாய்க்குக் கூலி கொடுத்தால் கோடீஸ்வரி ஆகியிருப்பாள். எழுந்து நின்று, "அப்ப ரெண்டு டம்ளரு குடிக்கணுமாண்ணே?" என்றாள்.

"அப்படி இல்லை தாயி..."

"அட, வெளங்குது. போன வாரம் ஒண்ணுன்னாக, இந்த வாரம் ரெண்டுங்காக, தீவாளிக்குள்ள டப்பாவோட வாங்குன்னுருவாக!"

கூட்டம் சிரித்தது. மேனேஜர் இன்னும் பலமாகக் கைதட்டினார். இரண்டு டம்ளர் யோசனை அவருக்கு ரொம்பவும் பிடித்துப் போயிருந்தது.

எவ்வளவு பெரிய முட்டாள் நான்! இத்தனை நாள் பொருள் விற்ற குழாய் வழியாக உண்மையை ஊற்றினால், அதுவும் விற்பனையாகத்தான் வெளியே வரும். "வாங்காதீர்கள்" என்று சொல்லியிருந்தால்கூட, கடையில் சரக்குத் தட்டுப்பாடு போல என்று நினைத்து இரண்டு பொட்டலம் சேர்த்து வாங்கியிருப்பார்கள். இதை நீங்கள் எங்கேயாவது குறித்து வைத்துக்கொண்டால் நல்லது. திரையின் கீழே பொடி எழுத்தில் 'சரிவிகித உணவோடு' என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களே, அதை நினைத்துச் சொல்கிறேன்.

"இல்ல தாயி, கேளு," என்றேன். நல்ல தமிழ் போய்விட்டது, வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "கஞ்சி குடிங்க. கஞ்சியக் குடிச்சிட்டு வேலைக்குப் போங்க. இன்னைக்கு மாரிக்கு என்ன ஆச்சுன்னு நீதான பார்த்தே?"

சுப்புத்தாயின் சிரிப்பு நின்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. "பார்த்தேன். கஞ்சி காய்ச்ச நேரத்துக்கு எங்க போவ? நீங்க வந்து ஊத்துவீகளா?"

பதில் தெரியாத இடத்தில் வாய் தானாக ஓடும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால்தான் இந்த வேலையே கிடைத்தது.

"கஞ்சிய நீ கொண்டா, டம்ளர நான் ஊத்துறேன்!" என்றேன். "நாளைக்குக் காலையில வேன் கம்பெனி கேட்டுல நிக்கும். கஞ்சியோட தூக்குவாளியக் காட்டுறவளுக்கு ஒரு டம்ளர் சும்மா. வாளி இல்லாதவளுக்குச் சொட்டுக் கிடையாது. சீசன் முடியிற வரைக்கும்!"

சீசன் முடியும் வரைக்கும் என்று சொன்னது எனக்கே காதில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஞானமுத்து அண்ணன் வேனுக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். நானும் திரும்பி மேனேஜரைப் பார்த்தேன். வேலை போயிற்று என்று முடிவு செய்தேன்.

கூட்டத்தில் சலசலப்பு. யாரோ கேட்டார்கள், "தெனமுமா?"

"தினமும்."

"லாரி போயிருமே?" இது மாரி. முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

பதில் பின்னால் இருட்டிலிருந்து வந்தது. போர்மேன் படம் பார்க்க வந்திருக்கிறார். "லாரிய நான் நிப்பாட்டுறேன்," என்றார். "ஒங்க கஞ்சி கொதிக்கிற வரைக்கும் நிக்கும். மொதலாளி கேட்டா என்னயக் கேக்கட்டும்." பிறகு அதே மூச்சில், "எனக்கும் ரெண்டு டம்ளரு உண்டு," என்றார்.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் கண்கள் பளபளத்தன. "கேட் ஸ்கீம்! அருமை! சாப்பாட்டோட சேர்த்துக் கொடுத்தா பழக்கம் ஒட்டிக்கும். இது எனக்குத் தோணாமப் போச்சே!" என்றார். மறுவாரம் மெட்ராஸில் அது அவருக்குத் தோன்றியதாகவே பதிவானது. நான் மறுக்கவில்லை. என் வேலை பிழைத்தது அவருடைய அந்த ஞாபகப் பிசகால்தான். அவருக்கும் என் நன்றி.

மறுநாள் விடிந்ததும் கேட்டில் வேனை நிறுத்தினோம். அங்கே அடுப்பு மூட்ட முடியாது என்று ஞானமுத்து அண்ணன் ஊரிலேயே பால் காய்ச்சி அண்டாவோடு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முதல் லாரி வந்தது. பெண்கள் இறங்கினார்கள், கையில் வாளியோடு. தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் அதே இடத்தில் போர்மேன் ஒவ்வொரு மூடியாகத் திறந்து உள்ளே பார்த்தார். ஒருத்தி வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். "இத எங்கனத்தா காய்ச்சுன, கெணத்துலயா?" என்று அவளைத் தனியாக நிறுத்தினார். சுப்புத்தாய் கொண்டுவந்தது வாளி அல்ல, ஒரு குடும்பத்துக்கே தண்ணீர் சுமக்கிற குடம் மாதிரி ஒன்று. "வாளிக்குத் தக்கன டம்ளரு தருவீகளாண்ணே?" என்றாள்.

மாரி முதல் லாரியில் இல்லை.

போர்மேன் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். வாளியோடு வந்தவர்களே அதிகம். சொன்னதில் முக்கால்வாசி நடந்துவிட்டது. ஆனால் அந்த ஒருத்தி வராவிட்டால் முக்கால்வாசியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மேனேஜர் வேறு, "வெளிச்சம் போதும், எடுத்துடலாமா?" என்று கேமராவோடு அவசரப்பட்டார்.

இரண்டாவது லாரி வந்தது. நேரம் தாழ்த்தித்தான். போர்மேன் சொன்னபடி அது விஸ்வநத்தத்தில் நின்றிருக்கிறது. கடைசியாக இறங்கியவள் மாரி. வாளி சூடாக இருந்ததால் முந்தானையைச் சுற்றிப் பிடித்திருந்தாள். போர்மேன் மூடியைத் திறந்தார். ஆவி மீசையில் அடித்தது. கம்பங்கஞ்சி. மேலே உரித்த வெங்காயம்.

"வீட்டுல குடிச்சியா?"

"குடிச்சேன். இது மத்தியானத்துக்கு."

அவர் என் பக்கம் தலையசைத்தார். நான் டம்ளரை நிரப்பிக் கொடுத்தேன். அவள் ஒரு மடக்குக் குடித்தாள். யோசித்தாள். பிறகு முழுக்கக் குடித்துவிட்டு, மிகவும் நேர்மையாகச் சொன்னாள்:

"நல்லாத்தாண்ணே இருக்கு. கஞ்சிக்குத் தொட்டுக்க ஆகும்."

சேற்றிலிருந்து வண்டியைத் தூக்கிய பானம்! காளைகளை வெட்கப்பட வைத்த பானம்! அது சின்ன வெங்காயத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டது. அதற்கு உரிய இடம் அதுதான் என்று அப்போதே எனக்குப் பட்டது. மேனேஜர் தூரத்திலிருந்து, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குன்னு சொல்றாங்க சார்."

மிச்சத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. உங்களுக்காக முப்பது வருஷம் கழித்து இப்போது செய்திருக்கிறேன். நீங்கள் ஒரு தின்பண்டத்துக்கு வாசகம் எழுதும்போது, அது தட்டில் எதன் பக்கத்தில் போய் உட்காரப் போகிறது, எதைத் தட்டை விட்டுத் தள்ளப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள். டி.வி. பெட்டிக்குள்ளிருந்து அது தெரியாது. போய்த்தான் பார்க்க வேண்டும். பூட்ஸைக் கழற்றிவிட்டு.

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் மனசாட்சி அதிகம் உறுத்தாமல் சாப்பிட்டேன், தூங்கினேன் என்றால், அது அந்த வட்டாரம் எனக்குப் போட்ட சோறு. என் தோளையும் பிறகு லாரியையும் பிடித்து நிறுத்திய போர்மேனுக்கும், எதிர்க்கேள்வி கேட்டு என் வாயைத் திருப்பிவிட்டவளுக்கும், சூடான வாளியோடு வந்து இறங்கியவளுக்கும் நான் அப்போது நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "இது என்ன புதுப் பொட்டலம்?" என்று கேட்டிருப்பார்கள்.

"பேச்சு போதும். போ, தட்ட எடு," என்றார் போர்மேன், டம்ளரைத் திருப்பித் தந்த மாரியிடம்.

அவள் வாளியை வேப்பமரத்தில் மாட்டிவிட்டு அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் தட்டோடு வெளியே வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடி நானும் ஞானமுத்து அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தோம். நேற்று நின்ற இடத்தைத் தாண்டினாள். மேடையை அடைந்தாள். தட்டை இறக்கி வைத்தாள். இடுப்பை ஒருமுறை நிமிர்த்திக்கொண்டு அடுத்த தட்டுக்காகத் திரும்பி நடந்தாள். எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

விளம்பரக்காரனுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை அதற்குப் பிறகு யாரும் எனக்குச் செய்ததில்லை.